மார்கழி சீசன்: கச்சேரி நேரமும் கேன்டீன் நேரமும் மோதாமல் ஒரு நாளை அடுக்குவது எப்படி?

#1 | பின்வரிசை

டிசம்பர் சீசனுக்கு முதல் தடவையாகச் சென்னை வருகிறவர்கள் வருஷா வருஷம் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நாளைக்கு எத்தனை கச்சேரி, எங்கே உட்காருவது, கேன்டீனில் என்ன வாங்குவது, எப்போது எழுந்து போவது. பதில்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. விஷயம் தெரிந்தவர்கள் இந்த இழையில் சேர்த்து எழுதினால் நல்லது.

இரண்டு நிபந்தனை. எந்தப் பாடகர் உசத்தி என்ற சண்டை வேண்டாம். ‘அந்தக் காலத்திலே நாங்கள்லாம்’ என்று ஆரம்பிக்கும் சொந்தக் கதையும் வேண்டாம். திருவையாறு, மெலட்டூர் மாதிரி வெளியூர் விழாக்களும் சேர்த்திதான்.

#2 | விளம்பகாலம்

நாளைக்கு இரண்டு போதும். மூன்றாவது கச்சேரியில் காது கேட்கும், மனசு கேட்காது.

சபாக்களின் நாள் ஏறக்குறைய இப்படிப் பிரியும். காலை 8 மணி வாக்கில் லெக்-டெம், அதாவது பாடிக் காட்டி விளக்கும் உரை. நண்பகலிலும் 2 மணி வாக்கிலும் இளம் கலைஞர்கள். 4 மணிக்கு அவர்களுக்கு அடுத்த படி. மாலை 6.30, 7க்கு மூத்தவர்கள். நண்பகல், பிற்பகல் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட்டே கிடையாது, நேரே உள்ளே போய் உட்காரலாம். மாலைக் கச்சேரிகளில் பெயர் பெற்றவர்களுக்கு சீசன் டிக்கெட் முன்பே தீர்ந்துவிடும். அன்றன்று விற்கும் டிக்கெட்டுக்குக் காலையிலேயே கவுன்ட்டரில் நிற்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கும்போது பாடுகிறவர் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். பக்கவாத்தியம் யார் என்று பாருங்கள். நன்றாகப் பாடுகிற ஒருவருக்கு ஒட்டாத வயலின் அமைந்தால் ஆலாபனை (தாளமில்லாமல் ராகத்தை விரிப்பது) ஒவ்வொன்றும் இரண்டு துண்டாகத் தொங்கும். மனதில் நிற்கும் கச்சேரிகளில் பாதி, மேடையில் இருந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் கேட்ட கச்சேரிகள்தான்.

அடுத்தது நேரம். இன்றைய கச்சேரி அமைப்பு பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்த பத்ததி (முறை) என்பார்கள். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் அது தோராயமாக இப்படி விழும்: முதல் 35, 40 நிமிடத்தில் வர்ணமும் இரண்டு மூன்று கிருதிகளும். பிறகு ஒரு நடுத்தர ராகம், ஆலாபனையோடு. ஒரு மணியிலிருந்து ஒன்றே கால் மணிக்குள் பிரதான ராகம் ஆரம்பிக்கும். பாடகர் ஆலாபனை 15 நிமிடம், வயலின் 8 முதல் 10, கிருதியும் நிரவலும் (ஒரு வரியையே விதவிதமாக விரிப்பது) ஸ்வரமும் சேர்ந்து அரை மணி, தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது) 12 முதல் 15. ராகம் தானம் பல்லவி (ஒரே பல்லவி வரியை நீளமாக விரிக்கும் உருப்படி) இருந்தால் தனி அதற்குப் பின்னால் தள்ளிப் போகலாம். மிச்சம் துக்கடா (சின்னப் பாட்டுகள்), முடிவாக மங்களம்.

ஆக, எழுந்திருக்கவே கூடாத நேரம் முதல் ஒரு மணி முடிந்த பிறகு வருவது. 7 மணிக் கச்சேரி என்றால் 8லிருந்து 9.25 வரை நாற்காலியை விட்டு நகராமல் இருக்க முடிய வேண்டும். மற்ற எல்லாவற்றையும், சாப்பாடு உள்பட, இதற்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.

#3 | நெய்க்கரண்டி

விளம்பகாலம் சார் சொன்ன கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். 7 மணிக் கச்சேரிக்கு டிபன் 5.45க்கு முடிந்திருக்க வேண்டும். 4 மணிக் கச்சேரி முடிந்து அரங்கமே கேன்டீனுக்கு ஓடும் அந்த இருபது நிமிடம்தான் இருப்பதிலேயே மோசமான நேரம். அந்தக் கூட்டத்தில் நிற்க நேர்ந்தால் என்ன கேட்கிறோம் என்பதுதான் விஷயம்.

கேன்டீன் பண்டங்களை இரண்டாகப் பிரிக்கலாம். கரண்டியில் அள்ளிப் போடுவது: பொங்கல், இட்லி, சாம்பார் வடை, சேவை, கேசரி. கல்லில் வார்ப்பது: தோசை வகைகள், அடை. முதல் வகை கேட்ட உடனே தட்டுக்கு வரும். இரண்டாவது வகைக்குக் கல் காலியாக வேண்டும்.

ரவா தோசை இருப்பதிலேயே தாமதம். காரணம் மாவிலேயே இருக்கிறது. ரவை 1 பங்கு, அரிசி மாவு 1 பங்கு, மைதா அரைப் பங்கு, தண்ணீர் 5 முதல் 6 பங்கு. மோர் மாதிரி நீர்த்த மாவு. அத்தனை தண்ணீரும் ஆவியாகிப் போனால்தான் முறுகல் வரும். சாதா தோசை இரண்டு நிமிடத்தில் எழும் கல்லில் ரவா தோசைக்கு நாலைந்து நிமிடம் ஆகும். அவசரத்தில் தீயைக் கூட்டினால் ஓரம் கருகி நடு வெள்ளையாக இருக்கும். இன்னொன்று, ரவை அடியில் தங்கும். மாஸ்டர் ஒவ்வொரு முறையும் அடியோடு கலக்கி வார்க்கிறாரா என்று பாருங்கள். கலக்காமல் வார்த்தால் முதல் நாலு தோசை கண்ணாடித்தாள், கடைசி நாலு உப்புமா. கூட்ட நேரத்தில் கலக்க யாருக்கும் கை ஒழியாது.

எனவே ரவா தோசை வேண்டுமென்றால் கச்சேரி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் போங்கள். 4 மணிக் கச்சேரியை விட்டவர்களுக்கு 5 மணி பொன்னான நேரம்.

#4 | மோஹரா

நெய்க்கரண்டி சொல்வதை யாராவது ‘தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போய் தோசை சாப்பிடலாம்’ என்று படித்துவிடுவார்கள். அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

தனி என்பது இடைவேளை இல்லை. மிருதங்கக் கலைஞருக்கு அந்த மாலையில் தனியாகக் கிடைக்கும் நேரமே அந்தப் பதினைந்து நிமிடம்தான். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது மிருதங்கத்துக்கு முதலில் 1966ல் பாலக்காடு மணி ஐயருக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இன்னும் மிருதங்கம் தனியாக ஒலித்தவுடன் நாற்காலிகள் படபடவென மடியும் சத்தம் நிற்கவில்லை.

எப்போது முடியும் என்று தெரியாததால்தான் பலர் எழுந்து போகிறார்கள். அடையாளம் இதுதான். முதலில் மிருதங்கம் நீளமாக ஒரு சுற்று. கடம் அல்லது கஞ்சிரா ஒரு சுற்று. மறுபடி மாறி மாறி. பிறகு குறைப்பு: ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), ஒன்று, அரை, கால் என்று பரிமாற்றம் சுருங்கிக்கொண்டே வரும். குறைப்பு ஆரம்பித்தால் இன்னும் நாலைந்து நிமிடம்தான். பிறகு எல்லோரும் சேர்ந்து மோஹரா என்ற முடிவுக் கட்டம், அதன் பின் கோர்வை (கணக்கிட்டுக் கோத்த சொற்கட்டு) மூன்று முறை. மூன்றாவது கோர்வை எந்த இடத்தில் வந்து இறங்குகிறதோ அங்கே பாடகர் பல்லவி வரியை எடுப்பார். அந்த ஒரு வினாடிக்காகவே உட்காரலாம். வரிசையின் நடுவில் இருப்பவர் அந்த நேரம் பார்த்து எழுந்தால் பத்துப் பேருடைய தாளம் போகும்.

போய்த்தான் ஆக வேண்டும் என்றால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் போங்கள்.

#5 | பின்வரிசை

தனி பற்றிய விளக்கம் அருமை. எங்கே உட்காருவது? ‘முதல் வரிசைதான் சிறப்பு’ என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது.

#6 | ஒலிவாங்கி

முதல் வரிசை முகம் பார்க்க. கேட்க இல்லை.

இன்று எல்லா அரங்கத்திலும் ஒலிபெருக்கி. முதல் இரண்டு வரிசையில் மேடையிலிருந்து நேரே வரும் மிருதங்கமும், பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வரும் குரலும் வேறு வேறு திசையில் காதில் விழும். ஓரத்து நாற்காலி என்றால் ஒரு ஸ்பீக்கர் மட்டும்தான். பெரிய அரங்கத்தில் நடுப்பத்தி, மேடையிலிருந்து பாதிக்குச் சற்றுப் பின்னால் உட்காருங்கள். மியூசிக் அகாடமியின் பெரிய அரங்கம் (1962ல் திறந்தது) மாதிரி மாடி உள்ள இடங்களில் மாடியின் முன் வரிசைகள் பல சமயம் கீழ்த்தளத்தைவிடத் தெளிவு. தவிர்க்க வேண்டியது மாடிக்கு அடியில் ஆழமாக இருக்கும் கடைசி வரிசைகள். மேலே தாழ்ந்த கூரை, சத்தம் அமுங்கும், தம்புரா காணாமலே போகும். சிறிய அரங்கங்களில் மூன்றாவது, நாலாவது வரிசை போதும்.

மிருதங்கத்தை நன்றாகக் கேட்க விரும்புகிறவர் அரங்கத்தின் இடப்பக்கம் சாய்ந்து உட்காரலாம். வலது கையால் வாசிக்கும் மிருதங்கக் கலைஞர் பாடகருக்கு வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம் உட்காருவார். அப்போதுதான் வலந்தலை (வலது கை வாசிக்கும் முகம்) சபையைப் பார்த்து இருக்கும். இடக்கையராக இருந்தால் வயலினும் மிருதங்கமும் இடம் மாற வேண்டும். மிருதங்கக் கலைஞர் பழநி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையர். இடம் மாறி உட்கார வயலின்காரர்கள் சிலர் இசையாததால் அவருக்குப் போன கச்சேரிகள் உண்டு.

குளிர்சாதனம் பற்றியும் ஒரு வார்த்தை. அரங்கத்தின் காற்று உலர உலரத் தோல் இறுகி மிருதங்கத்தின் சுருதி ஏறும். ஈரப்பதம் கூடினால் தளரும். அதனால்தான் இரண்டு பாட்டுக்கு ஒரு முறை கல்லும் கட்டையும் எடுத்துத் தட்டிச் சரி செய்கிறார்கள். தொப்பிப் பக்கம், அதாவது இடது முகத்தில், ஒட்டும் ரவைப் பசையும் காய்ந்துகொண்டே வரும், தண்ணீர் தொட்டுத் தடவுவதைக் கவனித்திருப்பீர்கள். பாடகர் காத்திருக்கிறார் என்றால் அதற்குத்தான். அந்த இடைவெளியில் பக்கத்தில் இருப்பவரிடம் ராகம் என்ன என்று கேட்டுக்கொள்ளலாம்.

நமக்கும் ஒரு சால்வை வேண்டும். டிசம்பர் குளிர் பெரிதில்லை, ஏசி குளிர்தான் பெரிது.

#7 | நுனிஇலை

டிபன் பற்றியே பேசுகிறீர்கள். சீசன் சாப்பாடு என்றால் மதியம் இலைச் சாப்பாடு. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

இலைச் சாப்பாடு பந்தி பந்தியாகத்தான் நடக்கும். ஒரு வரிசை உட்கார்ந்தால் அந்த வரிசை எழுந்து, இலை எடுத்து, துடைத்து, அடுத்த இலை போட முப்பது நிமிடம். ஒரு பந்தியை ஐந்து நிமிடத்தில் தவறவிட்டால் அரை மணி நிற்க வேண்டும். நண்பகல் கச்சேரி கேட்பவர்கள் 11, 11.15க்கு முதல் பந்தியைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கச்சேரி முடிந்து 2 மணிக்குக் கடைசிப் பந்தி. நடுவில் முயற்சி செய்தால் இரண்டும் போகும்.

எந்தப் பந்தி என்பதைப் பொறுத்து ருசியும் மாறும். மோர்க்குழம்பு உள்ள நாள் முதல் பந்திக்குப் போங்கள். மறுபடி சூடு பண்ணப் பண்ணத் தயிர் திரிந்து தண்ணீர் தனியே, தேங்காய் தனியே நிற்கும். அப்பளம், வறுவல் எதுவும் முதல் பந்தியில்தான் சத்தம் போடும். ரசத்தில் இரண்டு கட்சி. முதல் பந்திக்கு மேலாக இருக்கும் தெளிவு வரும், பின்னால் வருகிறவர்களுக்கு அடியில் தங்கிய பருப்பு வண்டலோடு கெட்டியாக வரும். தம்ளரில் குடிக்கிறவர் முதலில், சாதத்தில் பிசைகிறவர் பிறகு. பால் பாயசம் மட்டும் நேரம் ஆக ஆக நன்றாக இருக்கும், அடுப்பு ஓரத்தில் சுண்டிச் சிவந்துகொண்டே இருப்பதால்.

பரிமாறும் வரிசை: பருப்பும் நெய்யும், சாம்பார் அல்லது குழம்பு, ரசம், பாயசம், மோர். பரிமாறுகிறவர் வாளியோடு ஒரே திசையில் நடந்துகொண்டே இருப்பார், திரும்பி வர மூன்று நான்கு நிமிடம் ஆகும். சாம்பார் வாளி தாண்டிப் போகும்போது நீங்கள் இன்னும் பருப்பு சாதத்தில் இருந்தால், பிறகு கை தூக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முதலில் போட்ட சாதத்தை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பாதி பருப்புக்கு, பாதி குழம்புக்கு. ரசத்துக்குக் கேட்டு வாங்கலாம்.

#8 | விளம்பகாலம்

மாமி, முழு இலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு 2 மணிக் கச்சேரியில் உட்கார்ந்தால் முதல் ஆலாபனையிலேயே தலை தொங்கும். இளம் கலைஞர்கள் பாவம், அரங்கத்தில் பாதிப் பேர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே பாட வேண்டியிருக்கிறது.

#9 | நுனிஇலை

இலையைக் குறை சொல்லாதீர்கள். காலையில் கோயில் பிரசாதப் பொங்கல், 9 மணிக்கு கேன்டீனில் நெய் மிதக்கும் பொங்கல், 12க்கு இலை. தூங்காமல் என்ன செய்வார்கள்? காலையில் இட்லி மட்டும் சாப்பிட்டவர் மதியம் இலை சாப்பிட்டாலும் விழித்திருப்பார். அல்லது இலைச் சாப்பாடு உள்ள நாள் 4 மணிக் கச்சேரிக்குப் போங்கள்.

#10 | நெய்க்கரண்டி

மாமி கட்சிதான் நானும். பொங்கலின் கணக்கைப் பார்த்தாலே தெரியும். அரிசி 1 கப், பயத்தம்பருப்பு அரை கப், தண்ணீர் 6 கப், நெய் குறைந்தது கால் கப். கேன்டீனில் நெய் இன்னும் ஒரு படி மேலே. ஏன் என்றால் பொங்கல் ஆற ஆற இறுகும். 7 மணிக்கு இறக்கினது 9 மணிக்குக் கரண்டி நிற்கும் கெட்டியாகிவிடும். இளக்குவதற்குக் கொதிநீரும் நெய்யும் ஊற்றிக் கிளறுவார்கள். கொதிநீர் மட்டும் ஊற்றினால் பிசினாகிவிடும், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பிரிந்து நிற்கும். ஆக, தாமதமாகப் போகிறவர் தட்டில் அதிக நெய்.

சரியான பொங்கலுக்குச் சோதனை: கரண்டியிலிருந்து விழுந்ததும் ஓரம் மெதுவாகப் பரவ வேண்டும், உருண்டையாக நிற்கக் கூடாது. மிளகு நெய்யில் பொரிந்து முழுதாக இருக்க வேண்டும், ஒரு மிளகு கடித்தால் நொறுங்க வேண்டும். சவுக்கென்று இருந்தால் தாளிப்பில் நெய் காயவில்லை என்று அர்த்தம்.

#11 | ஒலிவாங்கி

காபி பற்றி யாரும் எழுதவில்லையே. சபா கேன்டீன் காபி ஒரே நாளில் ஒரு நேரம் அமிர்தம், ஒரு நேரம் கஷாயம். ஏன்?

#12 | நெய்க்கரண்டி

டிகாக்‌ஷனின் வயசு. இரண்டு பேருக்கு வீட்டில் மூன்று மேஜைக்கரண்டி பொடி, 150 மில்லி கொதித்து அடங்கிய தண்ணீர், இருபது நிமிடத்தில் இறங்கும். இறங்கிய அரை மணிக்குள் கலந்தால்தான் மணம். பெரிய கேன்டீனில் வாளிக்கணக்கில் இறக்கி, சூடு ஆறாமல் இருக்க வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைப்பார்கள். அதுவரை சரி. கூட்டத்தில் யாராவது அதை நேரே அடுப்பில் ஏற்றினால் கதை முடிந்தது. டிகாக்‌ஷன் கொதித்தால் மணம் பறந்து கசப்பு மட்டும் நிற்கும். இரண்டாம் டிகாக்‌ஷனை முதலாவதோடு சேர்த்தாலும் அப்படித்தான், நிறம் இருக்கும், சாரம் இருக்காது. சிக்கரி அதிகமான பொடி கறுப்பாக, கெட்டியாகத் தெரியும். நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

நல்ல காபி கிடைக்கும் நேரம் காலை 7.30க்கு முன், மாலை 3.30 வாக்கில். இரண்டும் கூட்டத்துக்குப் புதிதாக இறக்கும் நேரம். இரவு 8க்கு மேல் காபி கேட்காதீர்கள், பால் கேளுங்கள்.

#13 | காவேரிக்கரை

சென்னைக்கு வெளியே வருகிறேன். தியாகராஜருக்குத் திருவையாற்றில் நடக்கும் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில் (புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாள்). பெரும்பாலும் ஜனவரியில் விழும், வருஷா வருஷம் பஞ்சாங்கம் பார்க்க வேண்டும். தியாகராஜர் சமாதி அடைந்தது 1847 ஜனவரி 6. சமாதியில் இன்று நாம் பார்க்கும் கோயிலைத் தன் சொத்தைச் செலவழித்துக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர். பஞ்சரத்தினம் (தியாகராஜரின் ஐந்து கிருதிகளை எல்லோரும் சேர்ந்து பாடுவது) காலை 9 மணி வாக்கில் ஆரம்பிக்கும். ஆனால் பந்தலுக்குள் மணலில் இடம் வேண்டுமானால் 7க்குள் போக வேண்டும். விடியலில் திருமஞ்சன வீதியில் உள்ள தியாகராஜர் இல்லத்திலிருந்து உஞ்சவிருத்தி (பாடிக்கொண்டே பிட்சை எடுத்து வரும் ஊர்வலம்) புறப்படும், அதோடு நடந்து வந்தால் இடமும் தானாகக் கிடைக்கும்.

ராகங்கள் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. ஐந்தும் ஆதி தாளம், ஐந்தும் கன ராகம். சேர்ந்து பாடப் போகிறவர்களுக்கு: உங்கள் பாடாந்தரம் (கற்ற பாட வழி) வேறாக இருக்கலாம். ஸ்வரமும் சாகித்யமும் வரும் சரணங்களில் ஆளுக்கொரு சங்கதி பாடினால் இரைச்சல்தான். முன் வரிசை எதைப் பாடுகிறதோ அதன் பின்னால் குரலைக் குறைத்துச் செல்லுங்கள். சிக்கலானது வராளி. குரு சிஷ்யனுக்கு நேரே கற்றுக்கொடுக்கக் கூடாது என்ற வழக்கம் உள்ள ராகம், பலர் கேட்டுக் கேட்டே பாடம் செய்தது. சுருதி சரிகிற இடமும் அங்கேதான்.

பாடி முடித்ததும் வெயில் ஏறியிருக்கும். ஊருக்குள் போய் அசோகா சாப்பிடுங்கள். திருவையாற்றின் இனிப்பு அதுதான். சூடாக, இலைத் துண்டில், ஸ்பூன் இல்லாமல்.

#14 | பின்வரிசை

அசோகா வீட்டில் செய்தால் ஒன்று கட்டி தட்டுகிறது, இல்லையென்றால் மாவு வாசனை. என்ன அளவு?

#15 | காவேரிக்கரை

பயத்தம்பருப்பு 1 கப், கோதுமை மாவு கால் கப், சர்க்கரை 2 கப், நெய் 1 கப். ஏலக்காய், முந்திரி, கேசரிப் பவுடர் சிட்டிகை.

பருப்பை வாசனை வரும்வரை வறுத்து (சிவக்கக் கூடாது) 3 கப் தண்ணீரில் ஐந்து விசில். ஒரு பருப்பும் முழுதாகத் தெரியாமல் மசியுங்கள். அரைக் கப் நெய்யில் முந்திரி வறுத்து எடுத்துவிட்டு, அதே நெய்யில் கோதுமை மாவைச் சிறு தீயில் நாலைந்து நிமிடம் வறுக்க வேண்டும். மாவு முதலில் இறுகி, பிறகு இளகி, நெய்யில் நுரைக்கும். அந்த நுரைதான் அடையாளம். அதற்கு முன் பருப்பைச் சேர்த்தால் நீங்கள் சொல்லும் மாவு வாசனை. சர்க்கரை விழுந்த பிறகு எவ்வளவு கிளறினாலும் அது போகாது.

கட்டி தட்டுவது பருப்பு மசியலை மொத்தமாகக் கொட்டுவதால். முதலில் ஒரு கரண்டி போட்டு மாவோடு கரைத்து, பிறகு மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக. ஐந்து நிமிடம் கிளறித் தண்ணீர் வற்றிய பின் சர்க்கரை. சர்க்கரை போட்டதும் இளகும், பயப்படாதீர்கள். மீதி நெய்யைக் கரண்டி கரண்டியாக விட்டு, பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்குங்கள், பதினைந்து நிமிடம் ஆகும். கரண்டியிலிருந்து வழுக்கி விழும் பதத்திலேயே அடுப்பை அணைக்கணும். ஆறினால் இன்னும் ஒரு பதம் இறுகும். அல்வா மாதிரி வெட்டும் கெட்டிக்குப் போனால் அது அசோகா இல்லை.

#16 | மோஹரா

வெளியூர் என்றதும் நாதஸ்வரம். மேடைக் கச்சேரியாக, ஒலிபெருக்கி வைத்துக் கேட்பதைவிடக் கோயில் புறப்பாட்டில் கேளுங்கள். தவிலுக்கு நேர் எதிரில் நிற்காமல், முப்பது நாற்பது அடி தள்ளி, மதில் சுவர் திரும்பும் முனையில். ஆச்சா மரத்தில் கடையும் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது. திமிரி என்ற குட்டை நாதஸ்வரத்தைவிட நீளமான பாரி நாயனத்தைப் பரப்பியவர் டி. என். ராஜரத்தினம் பிள்ளை. அவருடைய தோடி ஒலிப்பதிவாக இன்றும் கிடைக்கிறது. சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் பாதிதான், ஹெட்போனில் கேளுங்கள்.

அதோடு ஒரு யோசனை. கச்சேரி நினைவில் நிற்க வேண்டுமானால் குறிப்பு எழுதுங்கள். தேதி, சபா, மேடையில் இருந்த எல்லோர் பெயரும், பாட்டு – ராகம் – தாளம் – இயற்றியவர், எதில் ஆலாபனை, நிரவல் எந்த வரியில், ஸ்வரம் எந்த இடத்தில் எடுத்தார்கள், தனி எத்தனை நிமிடம். நிரவல் வரியைக் கட்டாயம் எழுதுங்கள். ‘அன்றைக்குக் கல்யாணி பிரமாதம்’ என்று எழுதியது அடுத்த சீசனில் யாருக்கும் ஒன்றும் சொல்லாது. போனில் எழுதினால் திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், பின்வரிசைக்காரர் கண்ணில் குத்தும்.

#17 | நுனிஇலை

இரவு முழுக்க நடக்கும் நிகழ்ச்சிக்கு என்ன சாப்பாடு? மெலட்டூர் பாகவத மேளா (கோயில் நாட்டிய நாடகம்) போகிறவர்கள் கேட்கிறார்கள்.

#18 | காவேரிக்கரை

தஞ்சாவூர் பக்கத்தில் மெலட்டூர். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, பெரும்பாலும் மே மாதம். வேங்கடராம சாஸ்திரியின் தெலுங்கு நாடகங்கள், பெண் வேஷமும் ஆண்களே கட்டுவார்கள். பிரகலாத சரித்திரம் இரவு தொடங்கினால் நரசிம்மர் வர விடியற்காலை ஆகிவிடும். அந்தக் கடைசிப் பகுதியைத் தவறவிட்டால் போனதில் பிரயோஜனம் இல்லை, ஆகவே தூக்கம் வராத சாப்பாடாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரவு 7 மணிக்கு அரை வயிறு. நள்ளிரவில் இன்னொரு அரை வயிறு, கையோடு கொண்டுபோனது. ஊர் சின்னது, அந்த நேரத்தில் கடையை நம்ப முடியாது. புளியோதரை நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறினால் மறுநாள் காலைவரை கெடாது, ஆனால் தாகம் எடுக்கும். தயிர் சாதம்தான் உத்தமம். மே வெயிலில் தயிரைக் கொட்டிப் பிசைந்தால் பத்து மணிக்கே புளித்துவிடும். ஒரு கப் அரிசியைக் குழைய வடித்து, கை பொறுக்கும் சூட்டில் காய்ச்சி ஆறிய பால் 2 கப், தயிர் 2 மேஜைக்கரண்டி மட்டும். மாலை 6க்குப் பிசைந்தது நள்ளிரவில் சரியாகத் தோய்ந்திருக்கும். மூடியை இறுக மூடாமல் துணி கட்டுங்கள், சூட்டோடு மூடினால் வேர்த்துப் புளிப்பு ஏறும்.

#19 | பின்வரிசை

இஞ்சி, பச்சை மிளகாய் பிசையும்போதே போடலாமா?

#20 | காவேரிக்கரை

பச்சை இஞ்சி போடாதீர்கள், பாலைத் திரிய வைக்கும், கசப்பும் வரும். பொடியாக நறுக்கி, கடுகு தாளிக்கும் எண்ணெயிலேயே நன்றாக வதக்கி, ஆறிய பிறகு சேர்க்கலாம். மிளகாயும் அப்படியே. மாங்காய்த் துண்டு, திராட்சை, மாதுளை எல்லாம் தனி டப்பாவில் வையுங்கள், சாப்பிடும்போது கலந்தால் போதும்.